கோழி வழி

“அவ எப்படியும் ரெண்டாவது சுத்துலயே வெளிய வந்துருவா. வந்ததும் அந்தப் பின் வீலைக் கழட்டி உனக்குப் போட்டுக்கலாம், நீ டென்ஷன் ஆகாத.” எங்கள் கோச் கருணாகரன் சார் இதைச் சொன்னபோது நான் ஒரு பிளாஸ்டிக் கழிப்பறைக்குள், சைக்கிள் பந்தய உடுப்பை இடுப்புவரை உரித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். தாழ்ப்பாள் சரியில்லை. வெளியே, ஆண்கள் போட்டியில் ஓட்டுகிற ஜெரோம் அண்ணா ஏதோ முனகினார். சார் மறுபடியும், இன்னும் சத்தமாக, “இந்த சீசன்ல ஒரு ரேஸ்லயாவது மூணாவது சுத்துக்குப் போயிருக்காளா, சொல்லு? அடுத்த வருஷம் இவளுக்குப் பதிலா இன்னொரு பையனைக் கூட்டிட்டு வந்துடலாம்னு இருக்கேன். மேல சொல்லிட்டா முடிஞ்சுது” என்றார். இந்த செக் நாட்டுக்கு வந்ததிலிருந்து சார் தமிழை முழுத் தொண்டையில்தான் பேசுகிறார். சூப்பர் மார்க்கெட்டில் முன்னால் நிற்கிற அம்மாவின் தலைமுடி, பஸ் டிரைவரின் தொப்பை, எதைப் பற்றியும் அவர்கள் முகத்துக்கு நேராகவே பேசிவிட்டு, இங்க யாருக்கு என்ன புரியப் போகுது என்று சிரிப்பார். புரிகிற ஒருத்தி கூடவே வந்திருக்கிறாள். காலையில் அவருக்குச் சோறு வடித்து, ரசம் வைத்து, உப்பு கம்மி சுகிர்தா என்று கேட்டுக்கொண்டு, பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டு வந்தவள். அவளுக்கும் காது உண்டு என்பது அவருக்கு ஞாபகத்தில் இல்லை. நான் கதவைத் திறந்திருக்க வேண்டும். உடுப்பு இடுப்பில் தொங்கினால் என்ன, ஒரு நிமிடத்தில் ஜிப்பை இழுத்துக்கொண்டு வெளியே வந்து அவர் முன்னால் நின்றிருக்க வேண்டும். எதுவும் பேச வேண்டாம், நின்றால் போதும். நான் செய்தது என்ன என்றால், கதவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சரளைக் கல்லில் அவர்கள் நடந்து போகிற சத்தம் தேயும்வரைக்கும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன், ஒட்டுக்கேட்டவள் நான் என்பதுபோல, தப்பு என்னுடையது என்பதுபோல.

இப்போது தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் இரும்புத் தடுப்புகளுக்குள் நிற்கிறேன், கை இன்னும் அந்தக் கதவைப் பிடித்த மாதிரியே மடங்கி இருக்கிறது. ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். முன்வரிசைக்காரிகளுக்கு மட்டும் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு, எங்கே ஜெயித்தாள், எத்தனையாவது முறை வருகிறாள் என்று. மைக்காரர் அதைப் பாடுகிற மாதிரி சொல்கிறார், கூட்டம் மாட்டு மணிகளை ஆட்டுகிறது. புள்ளிகள் இல்லாதவர்கள் கடைசி வரிசை. கடைசி வரிசையிலும் கடைசி நான். என் பெயர் வரும்போது அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒரு கணம் நிற்பார், “சு... சுக்கி...” என்று தொடங்கி, பிறகு விட்டுவிட்டு, “இந்தியா!” என்பார். முதல் போட்டியிலிருந்து இதுதான். நூற்று நாற்பது கோடிப் பேரையும் சேர்த்து ஒரே பெயராகக் கூப்பிடுகிறார்கள், அத்தனை பேருக்கும் சேர்த்து நான் கடைசி வரிசையில் போய் நிற்கிறேன். ஊட்டி காலேஜில் பாட்டனி மேடம் வருகைப் பதிவு எடுக்கும்போது நான் “ப்ரெசன்ட் மேம்” என்பது எனக்கே கேட்காது. பக்கத்து பெஞ்சுக்காரி எனக்காகக் கத்துவாள். அவள் வராத நாட்களில் வகுப்பில் உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட் ஆகியிருக்கிறேன். ஒருமுறை மேடம் நிமிர்ந்து பார்த்து, “நீ இங்கதான் இருக்கியா, சொல்ல மாட்டியா?” என்றார். சொன்னேன் மேம். சொன்னேன் சார். உப்பு போடுகிறேன் சார். சரி சார். இந்த நாலு மாதத்தில் நான் அந்த மனிதரிடம் பேசிய மொத்தப் பேச்சையும் பிழிந்தால் அந்த ஒரு ‘சரி சார்’தான் மிஞ்சும். ஜெரோம் அண்ணா முனகியதும் அதுதானோ? அதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை. நல்லவர். கொடைக்கானல்காரர். எனக்கு முதல் விமானப் பயணத்தில் காது அடைத்தபோது மிட்டாய் கொடுத்தவர். பாவம் சார் என்றிருப்பாரா, சரி சார் என்றிருப்பாரா? பாவம் என்று சொல்லியிருந்தால் இன்னும் கோபம் வருகிறது. நான் எதற்குப் பாவம்? அது என் வீல். தேசியப் போட்டியில் ஜெயித்ததற்காகக் கோயமுத்தூர் சைக்கிள் கடைக்காரர் மேடையில் ஏறி, என் கையில் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்ட வீல். நேற்றுப் பயிற்சியில் பாறையில் மோதித் தன் பின் வீலை உடைத்துக்கொண்டது ஜெரோம் அண்ணா. ஆண்கள் போட்டி மத்தியானம், பெண்கள் போட்டி காலையில். அதனால் அவருக்கு வீல் வேண்டும் என்றால் என் போட்டி சீக்கிரம் முடிய வேண்டும். முடியும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. என்னிடம் கேட்கக்கூட இல்லை என்பதுதான், இல்லை, கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும் என்பதுதான், உறுத்துகிறது.

இந்தப் போட்டிகளில் ஒரு விதி இருக்கிறது. முதலில் போகிறவள் ஒரு முழுச் சுற்று முன்னேறிப் பின்னாலிருந்து உன்னைப் பிடித்துவிடக் கூடாது. பிடித்துவிடுவாள் போலிருந்தாலே, சுற்று முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் பச்சை மேல்சட்டை போட்ட ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ரோட்டின் குறுக்கே கையை நீட்டுவார். அவ்வளவுதான், கயிற்றில் விட்டிருக்கிற இடைவெளி வழியாக வெளியே போய்விட வேண்டும். எங்களுக்குள் இதற்குப் பெயர் ‘தூக்கிட்டாங்க’. அம்மாவிடம் போனில் முதல் தடவை அப்படிச் சொன்னபோது பதறிப்போனாள், “யாரு பாப்பா தூக்குனது, எங்கே தூக்குனாங்க?” என்று. பிறகு பழகிவிட்டது. “இன்னிக்கும் தூக்கிட்டாங்களா? சரி விடு, சாப்ட்டியா?” என்கிறாள், பஸ்ஸைத் தவறவிட்டதுபோல. இத்தாலியில் அந்தக் கைக்கு மணிக்கட்டு வரை பச்சை குத்தியிருந்தது. ஆஸ்திரியாவில் அது ஒரு வயதான பெண்மணியின் கை, மெலிந்த விரலில் மோதிரம், நீட்டும்போது மன்னிப்புக் கேட்பதுபோல லேசாக வளைந்தது. போன வாரம் சிவப்பு முடி அடர்ந்த தடித்த கை. முகங்களை எனக்கு ஞாபகம் இல்லை, கைகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாமே இரண்டாவது சுற்றின் முடிவில். ஒருநாள்கூட ‘கெடுவுக்கு எவ்வளவு நேரம் பிந்தினேன்’ என்று கேட்டதில்லை, வாய் வரவில்லை. போன வாரம் என்கூடவே தூக்கப்பட்ட போலந்துக்காரி ஒருத்தி, அழுகையும் ஏச்சுமாக அந்த ஆளிடம் சண்டை போட்டவள், எனக்கும் சேர்த்துக் கேட்டுச் சொன்னாள். கெடுவுக்கு நீ பதினைந்து விநாடிதான் பிந்தினாய் என்று. நான் தலையை ஆட்டினேன். ஏதோ ஒரு எண் மாதிரி, பஸ் நம்பர் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டேன். அதை எதனோடும் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை. இந்தத் தடுப்புக்குள், இந்தக் குளிரில், எவளோ ஒரு நார்வேக்காரியின் சாதனைகளை மைக் சொல்லிக்கொண்டிருக்கும்போது அது பொருந்துகிறது. கோழி வழி.

கடினமான பாறை இறக்கம் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் பக்கத்தில் ஒரு சுற்றுவழியும் விட்டிருப்பார்கள். பாறை வழி நேராகக் கீழே விழும், சுற்றுவழி மரங்களைச் சுற்றிச் சொகுசாக வளைந்து வரும். பயப்படுகிறவர்களுக்கான வழி. அதற்குக் கோழி வழி என்று பெயர், எல்லா நாட்டுக்காரிகளும் அவரவர் மொழியில் கோழி என்றுதான் சொல்கிறார்கள். முதல் போட்டிக்கு முதல் நாளே சார் சொல்லிவிட்டார், “பாறையெல்லாம் ஜெரோம் பாத்துக்குவான். நீ கோழி வழியில போ. சைக்கிளை உடைச்சு வைக்காத, ஸ்பேர் கிடையாது. உனக்கு இது அனுபவம்தான்.” சரி சார். ஒரு தடவை கோழி வழியில் போனால் பத்துப் பன்னிரண்டு விநாடி போகும். இரண்டு சுற்றுக்கு இரண்டு தடவை, இருபது விநாடிக்கு மேல். பதினைந்து விநாடியில் தூக்கினார்கள். அய்யோ. அவர் சொன்ன வழியில் போய், அவர் சொன்ன வழியில் போனதாலேயே தூக்கப்பட்டு, அதற்காகவே அடுத்த வருஷம் வேண்டாம் என்று அவரே முடிவு செய்கிறார். நான்கு மாதம் இந்தக் கூட்டல் எனக்கு ஏன் வரவில்லை? டிகிரி முடித்தவள். பாசியைப் பார்த்தால் பெயர் சொல்வேன். எனக்கு இறங்கத் தெரியாதா? ஜெயித்ததே இறக்கத்தில்தான். கோத்தகிரியில் அப்பா எஸ்டேட்டின் கொழுந்து லாரி ஓட்டுவார், ரோடு கொண்டை ஊசியாக வளைந்து வளைந்து இறங்கும். நான் அண்ணனின் பழைய கியர் இல்லாத சைக்கிளில், கொழுந்து மூட்டை தூக்குகிறவர்கள் நடக்கிற கல்படிகளில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நேராகக் கீழே விழுந்து, ஒவ்வொரு வளைவிலும் லாரிக்கு முன்னால் போய் நிற்பேன். மேஸ்திரி மேலிருந்து கத்துவார், “ஏய் லாரிக்காரன் மவளே, செடில விழுந்து ஒடிச்சே, தோலை உரிச்சிருவேன்!” முன்பல்லில் பாதி அங்கேதான் போனது. அட்டை கடித்த இடத்தில் ரத்தம் சாக்ஸை நனைத்து, காய்ந்து, ஒட்டிக்கொள்ளும். அந்தப் படிகளை நான் கால்பாதத்தால் படித்தேன். சாரிடம் சொல்லியிருக்கலாம். அவரும் கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லை என்பதும் சொல்லவே இல்லை என்பதும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மண்டைக்குள் சுற்றுகின்றன, எது முன்னால் எது பின்னால் என்று தெரியாமல். ஆனால் இந்தப் பாறை படி இல்லை. நேற்று அந்த இடத்தில் வெகுநேரம் நின்று பார்த்தேன், அங்கே போகப் போவதில்லை என்று தெரிந்தும். அங்கே விழுந்த ஒரு பெண்ணின் காறை எலும்பு உடைந்து தோலுக்கடியில் முட்டிக்கொண்டு நின்றது, அவள் அழாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அதையும் பார்த்தேன். வேகமாகப் போகிறவர்கள் திமில் மாதிரி இருக்கிற பெரிய கல்லுக்கு வலப்பக்கம் போனார்கள், அதற்கப்புறம் பிரேக்கைத் தொடவில்லை, ஒருத்திகூடக் கல்லைப் பார்க்கவில்லை, கீழே வெள்ளையாக நிற்கிற பிர்ச் மரத்தைப் பார்த்தார்கள். பேசாதவளுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை.

“சுகி, ஜாக்கெட்டைக் கொடு.” தடுப்புக்கு வெளியே ஜெரோம் அண்ணா. இதுவரை எந்தப் போட்டியிலும் என் ஜாக்கெட்டை வாங்க யாரும் வந்ததில்லை, கம்பியில் கட்டிவிட்டுப் போவேன், முடிந்ததும் வந்து அவிழ்த்துக்கொள்வேன். கழற்றிக் கொடுக்கிறேன். “நல்லா சாப்ட்டியா? எனர்ஜி ஜெல் இருக்கா?” இருக்குண்ணா. அவர் கண் என் முகத்தில் இல்லை, குனிந்து பின் சக்கரத்தைப் பார்க்கிறது, டயரைக் கட்டைவிரலால் அமுக்குகிறது. “காத்து கொஞ்சம் கம்மியா வச்சிருக்கியே. சரி, பரவால்ல. பார்த்து ஓட்டு, என்ன? பாறைப் பக்கம் போயிடாத. நான் அங்கதான் நிப்பேன், இடதுன்னு கத்துறேன், சார் சொல்லிருக்காரு.” வீல் வேணுமாண்ணா என்று கேட்கிறேன். கேட்டுவிட்டேனா? உதடு அசைந்தது எனக்குத் தெரிகிறது, சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. மைக் அந்த நேரம் பார்த்து அலறுகிறது. அவர் ஜாக்கெட்டை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடிக்கிறார். “தப்பா எடுத்துக்காத, சுகி. எனக்கு இன்னிக்கு பாயின்ட் வந்தாதான்...” “சு... சுக்கிர்...” என்கிறது மைக். “இந்தியா!” நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போகிறேன். அவருக்கு வரவேண்டிய பாயின்ட் என் சக்கரத்தில் இருக்கிறது, எனக்கு வரவேண்டியது எதில் இருக்கிறது? அவருக்கும் தங்கை இருக்கிறாள், நர்சிங் படிக்கிறாள், அவள் போட்டோவைக் காட்டியிருக்கிறார். இந்த நேரத்தில் அதெல்லாம் எதற்கு ஞாபகம் வருகிறது. எல்லோருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, என்னைத் தவிர எல்லோருடைய நியாயமும் எனக்குப் புரிந்து தொலைக்கிறது.

வெடிச் சத்தம். எப்போதும் போல முன்வரிசை பறந்துபோன பிறகுதான் எங்கள் வரிசைக்கு நகர இடம் கிடைக்கிறது, முழங்கைகள், சங்கிலிகளின் சத்தம், எவளோ எந்த மொழியிலோ கெட்ட வார்த்தை சொல்கிறாள், தொனியிலேயே புரிகிறது. ஏற்றம். ஸ்புரூஸ் மரங்களின் ஈர வாடை, எங்கோ சாசேஜ் சுடுகிற புகை. வேர்கள் எண்ணெய் தடவிய மாதிரி மினுங்குகின்றன. தொடை எரிகிறது, எரியட்டும். உப்பு கம்மி சுகிர்தா. இரண்டு பேரைத் தாண்டுகிறேன். இன்னொரு பையனைக் கூட்டிட்டு வந்துடலாம். இன்னும் ஒருத்தியை. வாயில் இரும்பு ருசி. பையன் வந்தால் யார் சோறு வடிப்பது, அதை யோசித்தாரா, அதற்கும் சேர்த்துத்தான் மேலே சொல்வாரா? சிரிப்பு வருகிறது, மூச்சு இல்லாததால் அது இருமலாக வெளியே வருகிறது. மரங்கள் விலகுகின்றன, பாதை பிரிகிற இடம் தெரிகிறது, ஜெரோம் அண்ணா என் ஜாக்கெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கையை வீசுகிறார், “சுகி, இடது! இடது!” நான் வலப்பக்கம் என்று முடிவு செய்துவிட்டேன், தடுப்புக்குள்ளேயே செய்துவிட்டேன், கண் வலப்பக்கம் பார்க்கிறது, திமில் கல்லைப் பார்க்கிறது, ஆனால் இடுப்பு இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்தேவிட்டது. கோழி வழியில் இருக்கிறேன். சொகுசாக வளைகிறது, காலடியில் மெத்தை மாதிரி பைன் சருகு, ஒரு சின்னக் குருவிகூடக் கிளையில் பயமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. நான் தாண்டி வந்த மூன்று பேரும் பாறை வழியில் கடகடவென்று இறங்கி எனக்கு முன்னால் போகிறார்கள். இதுதான். இந்த ‘சரி சார்’ வாயில் மட்டும் இல்லை, எலும்புக்குள் இறங்கிவிட்டிருக்கிறது, நான் யோசிப்பதற்குள் அதுவே பதில் சொல்லிவிடுகிறது. சார் மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பி என்மேல் விழுகிறது, இது அதைவிடச் சூடாக இருக்கிறது. கத்துகிறேன். வார்த்தை இல்லை, சும்மா ஒரு கத்தல். கயிற்றுக்கு வெளியே நிற்கிற ஒரு கிழவர் திடுக்கிட்டு மணியை ஆட்டுகிறார்.

இரண்டாவது சுற்று. சார் தண்ணீர் கொடுக்கிற இடத்தில் இல்லை. புரிகிறது, பாட்டில் எதற்கு, சுற்றின் முடிவில் கயிற்று இடைவெளிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார், கையில் வீல் கழற்றுகிற சாவி இருக்கும். ஏற்றத்தில் நான் யாரையும் பார்க்கவில்லை, முன்னால் போகிறவளின் பின் சக்கரத்தை மட்டும் பார்க்கிறேன், அதைத் தாண்டினால் அடுத்தது, எல்லோருடையதும் சக்கரம்தான், யாரும் கழற்றிக்கொள்ளக் காத்திருக்காத சக்கரங்கள். கண்ணில் வியர்வையும் சேறும். பயம் வந்துவிட்டது, நேற்றைய பெண்ணின் தோலுக்கடியில் முட்டிய எலும்பு, அவள் பார்த்துக்கொண்டிருந்த வானம், இந்த நாட்டில் ஆஸ்பத்திரியில் எனக்காக யார் பேசுவார், சார் பேசுவாரா, என்ன பேசுவார், சொன்னேன் கேக்கல என்பார். சொல்லட்டும். சொன்னேன் கேக்கல. அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து கேட்க வேண்டும்போல ஒரு வெறி வருகிறது. மரங்கள் விலகுகின்றன. “இடது! சுகி, இடது! ஏய்!” ஆட்காட்டி விரல்களைப் பிரேக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கிறேன், எடுக்கச் சொல்லி விரலிடமே பேசுகிறேன், வலது விரல் வருகிறது, இடது விரல் வரமாட்டேன் என்கிறது, வா, வா சனியனே. முன் சக்கரம் விளிம்பைத் தாண்டுகிறது. வயிறு மேலேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் கீழே போகிறது. திமில் கல் இடப்பக்கமாக ஓடுகிறது, அதற்குப் பின்னால் இருக்கிற பள்ளம் மேலிருந்து தெரிந்ததைவிட ஆழம், பின் சக்கரம் எதிலோ டங் என்று அடிக்கிறது, அடி என் பல்வரை வருகிறது, உடைந்துவிட்டது, உடையவில்லை, உருள்கிறது, வெள்ளை மரம், வெள்ளை மரம், வெள்ளை மரம். மண். சமமான மண். கோழி வழியிலிருந்து அப்போதுதான் வெளியே வருகிற இரண்டு பேர் எனக்குப் பின்னால் இருக்கிறார்கள். பின்னால். சக்கரத்தில் ஒரு கம்பி லேசாகக் கிணுகிணுக்கிறது, அதன் சத்தத்தில் மிதிக்கிறேன். புல்வெளி, கடைசி வளைவு, அங்கே பச்சை மேல்சட்டை. இன்றைய கை ஒல்லியாக, நீண்டதாக, கடிகாரத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்திருக்கிறது. அவர் என்னைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார், என் எண்ணைப் பார்க்கிறார், இன்னொரு கை தொடையோரம் கிடக்கிறது, எழவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிற கருணாகரன் சாரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். சாவி வெயிலில் மின்னுகிறது. அது எழாது என்று தெரிந்ததும் குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்து ரோட்டுக்கு வந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, “போதும் சுகிர்தா! போதும், நில்லு! வீல் வேணும்! வெளிய வா!” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறார். நான் எழுந்து நின்று மிதிக்கிறேன். பச்சை மேல்சட்டைக்காரர் கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டார். கையை நீட்டினார். சாரின் மார்பில் கையை வைத்து, அவரைப் பின்னால் தள்ளிக்கொண்டே போய், கயிற்றைத் தூக்கி, அந்தப் பக்கம் விட்டார்.